கண்ணாடிக்கடை வீட்டுக்கு வைஃபை வந்த கதை

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் முகம் பார்க்க இடம் தேட வேண்டியதில்லை. பார்க்காமல் நடக்கத்தான் இடமில்லை. முன்னறைதான் பட்டறை. வெட்டியது, சட்டம் போட்டது, வாங்க ஆளில்லாமல் நின்றது என்று சுவரெல்லாம் நிலைக்கண்ணாடி. இத்தனை வருஷம் இதைப் பொறுத்துக்கொண்டு குடும்பம் நடத்திய அவர் மனைவியின் மானத்தைப் போன வாரம் அந்தக் கண்ணாடிகள் வாங்கிவிட்டன.

அவள் இயற்பியல் டீச்சர். மகள் பிறந்தபோது வேலையை விட்டவள். மகள் வளர்ந்து, படிக்க வெளியூர் போனதும், சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்தும் ஒரு பள்ளிக்கு விண்ணப்பம் போட்டாள். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். வீட்டில் இணைய இணைப்பு இருந்தது பட்டறைக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அங்கேயே உட்கார்ந்து அவள் காற்றின் அழுத்தத்தை விளக்க ஆரம்பிக்க, பின்னால் ஏழெட்டுக் கண்ணாடிகளில் ஏழெட்டுக் கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் முதுகு சொறிந்தார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடம் கந்தலானது. தலைமையாசிரியை நல்ல மனுஷி. "தனி ரூம் ஏற்பாடு பண்ணிக்கோங்கம்மா. இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம். அவ்வளவுதான் என்னால முடியும்" என்றார்.

அந்த ஒரே ஒரு தடவை இன்று மாலை நான்கு மணிக்கு.

பட்டறைக்கு அடுத்த அறையைக் காலி செய்தாயிற்று. மகள் விட்டுப்போன லேப்டாப்பைத் துடைத்து வைத்தாயிற்று. நேற்று அவள் தம்பி ரவுட்டர் பெட்டியோடு வந்தான். எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியும்" என்பதால் வீட்டில் அவனுக்குச் சர்வம் என்று பெயர். பெட்டியைப் பட்டறை அலமாரியில் உட்கார வைத்து, இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் சேர்த்து, பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தான்.

"காத்துல வர்றதுக்குப் பூட்டு எதுக்கு மாப்ள?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பூட்டலேன்னா பக்கத்து வீட்டுக்காரன் மொத்தத்தையும் உறிஞ்சிடுவான் மாமா."

எல்லாம் ஜம்மென்று ஓடியது. அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் கடைவீதிக்குப் போய்த் திரும்பியவளைக் கணவர் வாசலிலேயே மறித்து, கண்ணைப் பொத்தி, புது அறைக்குக் கூட்டிப்போனார். கையை எடுத்ததும் அவள் ஓரடி பின்வாங்கினாள். பட்டறைப் பக்கத்துச் சுவர் முழுக்க, தரையிலிருந்து உத்தரம் வரை, ஒரே கண்ணாடி. இருட்டு அறை வெளிச்சத்தில் குளித்தது.

"நாலு நாளா உனக்குத் தெரியாம தயார் பண்ணினேன். டீச்சரம்மா ரூமுன்னா சும்மாவா? பசை போட்டு ஒட்டியிருக்கேன். சுவரு விழுந்தாலும் இது விழாது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயிரம் சொன்னாலும் மனுஷன் ஆசையாகச் செய்தது. அவருக்கோ பெருமை பிடிபடவில்லை. மத்தியானச் சாப்பாட்டிலும் அந்தப் பசையின் பெருமைதான்.

சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். வைஃபை இல்லை. மூடித் திறந்தாள். ம்ஹூம்.

சர்வம் அடித்துப்பிடித்து வந்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டான், பாஸ்வேர்டை மாற்றினான், பக்கத்து வீட்டைச் சந்தேகித்தான். "மேகமூட்டமா இருக்குல்லக்கா, அதான்" என்றான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பட்டறைக் கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாம் குறையில்லாமல் வந்தது.

"பெட்டியை நகர்த்தலாம்னா வயர் எட்டாது. நாளைக்கு நீளமா ஒரு கேபிள் வாங்கிட்டு வந்து இழுத்துடறேன்" என்றான்.

"நாளைக்கு வந்து என்னத்தடா இழுக்கப் போற? இன்னிக்கு நாலு மணிக்குடா வகுப்பு!"

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பட்டறையில் சிக்னல் முழுசாக இருந்தது. இரண்டு அறைக்கும் வெளியே ஓடும் நடையில் பாதி. நடையிலிருந்து தன் அறைக்குள் காலை வைத்ததும் சுத்தமாகப் போய்விட்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் அந்த அறையில் மாறியது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருப்பது உலோகம். அலை அதைத் துளைத்துக்கொண்டு எப்படி வரும்? டீச்சருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை எப்படிச் சொல்வது என்பதுதான் புரியவில்லை.

கணவர் ரவுட்டர் கம்பெனிக்குப் போன் போட்டு, "என்னய்யா பெட்டி வித்திருக்கீங்க? ஒரு சுவரைத் தாண்ட மாட்டேங்குது!" என்று காய்ச்சிக்கொண்டிருந்தார். பாவம், அந்த ஆளைத் திட்டி என்ன செய்ய? மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது. இனித் தயங்கினால் ஆகாது.

"ஏங்க, போனை வைங்க. பெட்டி நல்லாத்தான் இருக்கு. உங்க கண்ணாடிதாங்க மறிக்குது."

அவர் முகம் சுண்டிப்போனது. கண்ணாடியைப் பார்த்தார். அதில் தெரிந்த தன்னையும் பார்த்தார். பட்டறைக்குப் போய்ச் சுத்தியலோடு திரும்பினார்.

"நகரும்மா. உடைச்சிடறேன்."

"ஐயோ, உங்களுக்கென்ன பைத்தியமா? கீழே வைங்க அதை!"

"போன வாரமும் என்னாலதான் உனக்குத் தலைகுனிவு. இன்னிக்கும் நானே குறுக்க நிக்கணுமா?"

அவள் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது.

"ஏங்க, கண்ணாடி மேல பட்டது உள்ள போகலைன்னா, திரும்பி எங்கேயாவது போய்த்தானே ஆகணும்?"

"ஆமா. வெளிச்சம் மாதிரின்னா, பட்டுத் திரும்பும்."

"அப்போ பட்டறை வாசல் வழியா நடைக்கு வர்றதை, நடைக் கோடியில இன்னொரு கண்ணாடி வச்சு இந்த ரூம் வாசலுக்குத் திருப்ப முடியாதா?"

கடைக்காரர் பட்டறைக்கு ஓடினார். வெளிச்சத்தைத் திருப்புவது அவர் சோறு போடும் தொழில். ஆளுயரக் கண்ணாடியோடு வந்து நடைக் கோடியில் நின்று, ரவுட்டர் பெட்டியைக் கண்ணாடிக்குள் தேடிப் பிடித்தார். "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. இந்தப் பக்கம். ஆங், அப்படியே!" என்று அறைக்குள்ளிருந்து கத்தினாள். சிக்னல் வந்தது. சுவரில் சாய்த்து வைத்தார்கள். கோணம் மாறிச் சிக்னல் போனது. முட்டுக் கொடுத்தார்கள், வழுக்கியது.

"விடும்மா, நானே பிடிச்சுக்கறேன். நீ போய் உட்காரு."

"முக்கால் மணி நேரம் ஆகுங்க."

"ஆகட்டுமே. மாப்ள, நீ போய்க் கடையைப் பாரு. எதையும் தொடாதே."

நான்கு மணிக்குத் திரையில் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக முளைத்தன. வாசலைப் பார்த்து உட்கார்ந்து அவள் தொடங்கினாள். முதல் இரண்டு வரி தடுமாறியது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்தாள். தண்ணீர் கொட்டவில்லை. "எப்படி மிஸ்?" என்று பிள்ளைகள் கத்த, அவளுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே, கண்ணாடியின் விளிம்புக்கு மேல் இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடம் நடத்தி அவர் இப்படி நின்று பார்த்ததே இல்லை. மூக்கு அரித்தது போலிருக்கிறது, புருவம் கோணியது. ஆனால் கை அசையவில்லை.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை மட்டும் திரையில் நின்றார்.

"ரொம்ப நல்லா இருந்ததும்மா. தனி ரூம்தானே? ஒரு தடவை சுத்திக் காட்டுங்க, பார்ப்போம்."

அவள் லேப்டாப்பைத் திருப்பினாள். சுவர்க்கண்ணாடி திரை முழுக்க விரிந்தது. அதற்குள் வாசல், வாசலுக்கு வெளியே நடை, நடைக் கோடியில் வேர்த்து வழிய, ஆளுயரக் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைக்காரர். போச்சு, மறுபடியும் மானம் போச்சு என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரும்மா அது? போன வாரம் முதுகு சொறிஞ்சவர்தானே? அங்க என்ன பண்றார்?"

மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"என் வீட்டுக்காரருங்க. அவர் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதாலதான் நீங்க என்னைப் பார்க்கறீங்க."

நடந்ததையெல்லாம் சொன்னாள். தலைமையாசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"திங்கட்கிழமையிலிருந்து வந்துடுங்கம்மா. அதுக்குள்ள ஒரு கேபிள் போட்டுடுங்க. பாவம், அவரைத் தினமும் நிக்க வைக்காதீங்க."

திரை அணைந்தது. அவள் வாசலுக்கு ஓடினாள். பேச்சு முழுவதும் கேட்டிருந்தும் அவர் அசையாமல் அப்படியே நின்றார்.

"வேலை கிடைச்சிடுச்சுங்க! இறக்கி வைங்களேன்."

"இரும்மா. மகளுக்குப் போன் பண்ணணும்ல? லேப்டாப்புலேயே அவ முகத்தைப் பார்த்துச் சொல்லு. நான் பிடிச்சுக்கறேன்."