வீட்டில் அடித்த கோல்கள்

கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதுக் கோச் வரப்போகிறார் என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்ததை நெட்டை மற்ற பையன்களோடு நின்றுதான் படித்தான். பழைய கோச் அவனுடைய அப்பா. காலையில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த மனிதர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மைதானம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று எவனாவது முனகினால், "ஆடத் தெரியாதவனுக்கு கிரவுண்டு கோணலாம், ஓடுடா!" என்று விரட்டுவார். பையன்களும் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். ஓடினார்களே தவிர ஜெயிக்கவில்லை. வருஷா வருஷம் முதல் சுற்றோடு மூட்டை கட்டும் அணியை நிர்வாகம் எத்தனை நாள் பொறுக்கும்? மாஸ்டரைக் கூப்பிட்டு, நோகாமல் நாலு வார்த்தை பேசி, அனுப்பிவிட்டார்கள். அவர் மைத்துனரின் டயர் கடையில் போய் உட்கார்ந்தார்.

நெட்டைக்கு அது கடைசி வருஷம். ஆட்டமே வேண்டாம் என்று முழுக்குப் போடப் பார்த்தான். அப்பா விடவில்லை.

"அவங்களுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். பந்து உன்னை என்னடா பண்ணுச்சு? போய் ஆடு."

புதுக் கோச் இளவயதுக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். முதல் வாரம் முழுக்க ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றார். பிறகு ஒருநாள் நெட்டையைத் தனியாக அழைத்தார்.

"உன்னை ஃபார்வர்டுல போட்டது யாரு?"

"அப்பா, சார்."

கோச் கொஞ்சம் தயங்கினார். "மனசுல வெச்சுக்காதப்பா. கோல் அடிக்கிற கால் உனக்கு இல்ல. ஆனா பந்து எங்க வந்து விழும்னு மத்தவனுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுது. நாளையிலேர்ந்து பின்னாடி நில்லு. ஸ்டாப்பர்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அப்பா ஒன்பது வயதிலிருந்து அவனை முன்னால் நிறுத்தி, கோல் அடி, கோல் அடி என்றே வளர்த்திருந்தார். அவன் அடித்தவற்றில் பாதி கம்பத்துக்கு மேலேதான் போயின. பின்னால் போய் நின்ற முதல் ஆட்டத்திலேயே, செருப்பு மாறிப்போய் இத்தனை நாள் நடந்தவனுக்குத் தன் செருப்பு கிடைத்தது போலிருந்தது. எதிரணிக்காரன் ஒருவனும் அவனைத் தாண்டவில்லை. முன்னால், அவன் விட்டுவந்த இடத்தில் ஆடிய சுண்டெலி என்கிற பையன் ஒரு கோல் அடித்தான். பல வருஷத்துக்குப் பிறகு அணி ஜெயித்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் டயர்க் கறுப்பு.

"என்னாச்சு?"

"ஜெயிச்சிட்டோம்பா. ஒண்ணு பூஜ்யம்."

"யாரு அடிச்சா?"

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். இடம் மாறியது அவளுக்கு மட்டும் தெரியும். வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"நான்தாம்பா."

அப்பா கையில் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்தார். "எந்தக் கால்?"

"இடது."

"நான்தான் சொன்னேன்ல, இடது கால் உனக்கு வரும்னு!" கடைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

ஒரு பொய்யோடு போய்விடும் என்று நினைத்தான். அணி ஜெயித்துக்கொண்டே போனது. பொய்யும் கூடவே போனது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சுண்டெலியைப் பிடித்துவைத்து, பாஸ் யார் கொடுத்தது, கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தான் என்று துருவித் துருவிக் கேட்பான்.

"என் கோலை எல்லாம் வாங்கிட்டுப் போய் எங்கடா விக்கிற?" என்று சுண்டெலி சிரிப்பான். நெட்டை அடுத்த கேள்விக்குப் போய்விடுவான்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா டம்ளர்களை ஆட்டக்காரர்களாக நிறுத்திவைத்து, "இப்படி வந்தியா? இங்க திரும்பினியா?" என்று கேட்பார். அவனும் டம்ளரை நகர்த்திக் காட்டுவான். மைதானத்துக்கு மட்டும் அவர் வரவில்லை. "வாங்கப்பா" என்றால், "கடையில ஆள் இல்லடா" என்பார். நெட்டைக்கு உள்ளூர நிம்மதியாக இருக்கும். அப்படி நிம்மதிப்படுவதை நினைத்தால் சோறு இறங்காது.

ஃபைனலுக்கு முந்தின வாரம் கோச் அவனைக் கூப்பிட்டார். "அப்பாவைக் கூட்டிட்டு வா. என் பக்கத்துல பெஞ்சுல உக்காரட்டும். அவர் பழக்கின பசங்கதானே எல்லாரும்? நான் கொஞ்சம் இடம் மாத்திவெச்சேன், அவ்வளவுதான்."

"சரி சார்" என்றான். வீட்டில் சொல்லவில்லை. வந்தால் தன் மகன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிடுவாரே.

ஃபைனலில் இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. நெட்டையின் அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நெட்டை தன் இடத்தில் நின்றிருந்தான். இன்றைக்காவது வீட்டுக்கு நிஜமாகவே ஒரு கோலைக் கொண்டுபோகலாம் என்று தோன்றியது. தோன்றியதுதான் தெரியும், கால் ஓட ஆரம்பித்துவிட்டது.

"நெட்டை, போகாதே! நில்லு!" கோச் அப்படிக் கத்தி அவன் கேட்டதேயில்லை.

பந்து உயரமாக வந்தது. தலையால் முட்டினான். கம்பத்தில் பட்டுத் திரும்பியதை எதிரணிக்காரன் ஒருவன் ஒரே உதையில் தூக்கி அனுப்பினான். பின்னால் மைதானம் திறந்த வீடாகக் கிடந்தது. நெட்டை திரும்பி ஓடினான். எட்டுவதற்குள் பந்து வலைக்குள் போயிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கோச் அவன் தோளில் கை வைத்தார். கடைசி வருஷம் ஆடிய பையன்கள் புல்லில் குப்புறக் கிடந்தார்கள். சுண்டெலி அவனைப் பார்க்காமல் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

வீட்டில் அப்பா காத்திருந்தார். கேள்வி வருவதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"தோத்துட்டோம். என்னாலதான். நான் ஃபார்வர்டு இல்லப்பா. புது கோச் வந்ததுலேர்ந்தே ஸ்டாப்பர். இந்த வருஷம் ஒரு கோல்கூட நான் அடிக்கல."

"தெரியும்" என்றார் அப்பா.

நெட்டை அம்மாவைப் பார்த்தான். அவள் தான் சொல்லவில்லை என்று கையை விரித்தாள்.

"டயர் மாத்த வந்தவர் ஒருத்தர் சொன்னாரு. உங்க பையன் பின்னாடி சுவர் மாதிரி நிக்கிறானேன்னு. ரெண்டாவது மேட்சப்பவே."

"அப்புறம் ஏம்பா தினமும் கேட்டீங்க?"

அப்பா நகக்கண்ணில் இருந்த கறுப்பைச் சுரண்டினார். "நீ சொன்ன கோல் எல்லாம் நல்லா இருந்துச்சுடா" என்றார். பிறகு, "அந்தக் கோச் தம்பி வந்த ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிட்டாரு. இத்தனை வருஷமா பெத்தவன் கண்ணுக்குத் தெரியல" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இனி ஒன்றையும் மறைக்க அவனுக்குத் தெம்பில்லை.

"கோச் இன்னைக்கு ஆட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டிருந்தாருப்பா. நான்தான் சொல்லல."

"கூப்பிட்டாரா?" அப்பா நிமிர்ந்தார். "என்னையா?"

"ம்."

"எங்க உக்காரச் சொன்னாரு?"

"பெஞ்சுல. அவர் பக்கத்துல."

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். இரண்டு மூன்று முறை ஆட்டினார். "வந்திருப்பேன்டா" என்றார். எழுந்து உள்ளே போனார்.

அம்மா போட்டுவைத்த சோறு அப்படியே ஆறியது.

பரீட்சை முடிந்து நெட்டை ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அதற்குப் பிறகு மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அப்பா, "சாப்டியா?" என்று மட்டும்தான் கேட்டார்.