நாற்பத்திரண்டு துளைகள்

சிலையின் மேலிருந்த துணியை நீக்கியதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அருள்தாயின் முகமெல்லாம் துளைகள். கண்ணோரம், கன்னம், முகவாய், கழுத்து, கையிலிருந்த குழந்தையின் உச்சந்தலை என்று ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள்.

என் தம்பி சிற்பி. ஒரு பிரார்த்தனைக் கூடத்துக்காகப் பன்னிரண்டடிக் கல்லில் அருள்தாயைச் செய்துகொண்டிருந்தான். இது அதற்கான ஒன்றரை அடி முன்மாதிரி. களிமண்ணில் அவன் செய்து, சூளைக்காரரிடம் கொடுத்துச் சுட்டு வாங்கியது. கல் வேலை நடக்கும் இடத்தில் தூசியும் சுத்தியலும் படும் என்று, போன வாரம் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். கல்லில் இடுப்பு வரை முடிந்துவிட்டது. திங்கட்கிழமை முகம் தொடங்க வேண்டும்.

சூளைக்காரர் மண்ணைச் சரியாகச் சுடாமல் கெடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். வாய்வார்த்தையாகச் சொன்னால் மழுப்பிவிடுவார். செவ்வாய்க்கிழமை காலை ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துளையும் எங்கே இருக்கிறது என்று அளந்து, எண் போட்டு, மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். மொத்தம் நாற்பத்திரண்டு. எந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வைப்பவள் நான். அன்று கோபத்தில் எடுக்காமலே தபாலில் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் செங்கல் பொடியைப் பசையில் குழைத்து எல்லாத் துளைகளையும் அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். முகம் பளிங்கு மாதிரி ஆனது.

சனிக்கிழமை காலை தம்பி வந்தான். துணியை எடுத்தான். கண் தெரியாதவர் தடவுவது போல ஒரு விரலால் சிலையின் கன்னத்தைத் தடவினான். பிறகு கழுத்தை. பிறகு குழந்தையின் தலையை.

"அக்கா, இதுல புள்ளி இருந்துச்சே."

"ஓட்டைதானே? அடைச்சிட்டேன்டா. சாமி முகத்துல அம்மைத் தழும்பு மாதிரி, பார்க்கவே சகிக்கல."

அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான்க்கா குத்தினேன். நாப்பத்தொரு புள்ளி. அதே இடங்களை எட்டு மடங்காக்கிக் கல்லுலயும் நாப்பத்தொரு துளை போட்டாச்சு. எந்தத் துளை கண்ணு, எது கன்னம்னு இதைப் பார்த்துத்தான் செதுக்கணும்."

"மறுபடியும் குத்திக்கோயேன்."

"எங்க குத்துறது? இங்க ஒரு மில்லிமீட்டர் தள்ளினா கல்லுல எட்டு மில்லிமீட்டர். கண்ணு மூக்குல போய் நிக்கும். இடுப்பு வரைக்கும் முடிஞ்ச கல்லு, மாத்திக்க முடியாது. கூடத்துக்காரங்க வேற ஆளைப் பார்த்துக்கிறோம்னு சொல்லிடுவாங்க."

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாசலில் நின்ற தம்பி மனைவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அண்ணி, போன மாசம் என் தோசைக்கல்லைப் பளபளன்னு தேய்ச்சு வச்சீங்க. அன்னிக்கே நான் சிலையை ஒளிச்சு வச்சிருக்கணும்," என்றாள்.

அப்போதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. எல்லாத் துளைகளின் அளவும் அதில் இருந்தது. செருப்பை மாட்டியது தெரியும். தெரு தாண்டியது தெரியாது. தம்பி சிலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

சூளைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"வாங்கம்மா. இருபத்தாறு வருஷம் ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல. நாப்பத்திரண்டு ஓட்டைன்னு எழுதிட்டீங்க. மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல."

"அந்தக் கடிதம் எங்கே?"

"எங்கேயா? டீக்கடையில படிச்சேன், மண்ணு கொண்டாற லாரிக்காரன்கிட்ட படிச்சேன், என் சம்பந்திக்கு போன்ல படிச்சேன். நீங்களே நியாயம் சொல்லுங்கன்னு ஊர் பூரா கேட்டுட்டேன்."

சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். மடித்து மடித்துத் தாள் நைந்து, வியர்வையில் மை கரைந்து, நடுப்பக்கம் முழுவதும் நீலக் கறையாக இருந்தது. இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை ஓர் எழுத்தும் தெரியவில்லை. முகத்தில் இருந்த துளைகள் அவைதான்.

தம்பி சுவரில் சாய்ந்தான்.

"இருபது," என்றார் சூளைக்காரர். தாளை அவர் பார்க்கவே இல்லை. "வலது கண்ணின் வெளி ஓரத்திலிருந்து கீழே நான்கு மில்லிமீட்டர். இருபத்தொன்று, அதற்கு நேர் கீழே ஒன்பது. தூக்கத்துலகூட இதுதான்மா ஓடுது."

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். "யாரு வலது? நம்மளோடதா, சிலையோடதா?"

"சிலையின் வலதுன்னு முதல் வரியிலயே எழுதியிருக்காங்களே. மேல சொல்லவா, வேணாமா?"

"சொல்லுங்க. புண்ணியமாப் போகும்."

"முதல்ல உங்க அக்கா சொல்லட்டும். என் சூளை ஓட்டை போடாதுன்னு."

"உங்க சூளை ஓட்டை போடாது," என்றேன். "என் தம்பிதான் போட்டான். தெரியாம எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க."

"இதையும் ஒரு கடிதமா எழுதிக் கொடுங்க. டீக்கடையில படிக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல நான் ஸ்கேலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தில் தம்பி ஊசியை அழுத்தினான். பசை அடைத்த இடத்தில் ஊசி மெதுவாக இறங்கும். சுட்ட மண்ணில் இறங்காது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எங்கள் மூவருக்கும் மூச்சு வந்தது. மற்றவற்றைத் தாளில் பார்த்துக் குத்தினோம். ஒன்றுகூடத் தவறவில்லை.

கடைசித் துளையும் திறந்தபின் தம்பி எண்ணிப் பார்த்தான். மறுபடி எண்ணினான்.

"நாப்பத்திரண்டு வருது. நான் குத்தினது நாப்பத்தொண்ணுதான்."

குழந்தையின் காதுக்குப் பின்னால் இருந்த துளையில் விரலை வைத்தான். மற்றவை நேராக இறங்கியிருந்தன. இது மட்டும் ஓரம் சிதைந்து, சூட்டில் உள்ளிருந்து வெடித்ததுபோல் இருந்தது.

"இது நான் போட்டதில்ல."

சூளைக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு என் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையின் அடியில் திணித்தார்.

"அந்த மன்னிப்புக் கடிதம் இருக்கே," என்றார் மெதுவாக. "அதை இப்போதைக்கு எழுத வேணாம்மா."