வெட்டிப்போட்ட கார்டு

கட்டிங் மாஸ்டருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கத்தரி பட்டுவிட்டால் கதை முடிந்தது. தப்பாக வெட்டிய துணியை மறுபடி முழுத்துணி ஆக்கியவன் எந்தத் தையல் கடையிலும் இல்லை. அந்த நம்பிக்கைதான் அவருக்கு ஆப்பு வைத்தது.

மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றபோது கையில் காசில்லை. நான்கு கிரெடிட் கார்டுகளைத் தேய்த்தார். கடன் என்று தெரிந்தால் அவள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திரும்பிவிடுவாள். கடனில் வீட்டைத் தொலைத்தவரின் மகள். அதனால் முதலாளி கொடுத்தார் என்று ஒரே போடாகப் போட்டார். அவளும் நம்பினாள். வழியில் முதலாளியைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டு, உங்களால்தான் உயிரோடு இருக்கிறேன் என்பாள். மாஸ்டருக்கு உயிர் போய் உயிர் வரும். முதலாளியோ ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொள்வார். சும்மா வருகிற புகழை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

முதலில் ஒரு கார்டில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டிப் பார்த்தார். வட்டி கழுத்தை நெரித்தது. பிறகு புத்தி வந்து, இருப்பதிலேயே சின்னக் கடனை முதலில் அடைப்பது, மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தொகை என்று வைத்துக்கொண்டார். வேறு கடைக்கும் சட்டை வெட்டிக் கொடுத்தார். டீயை விட்டார், பஸ்ஸை விட்டார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார். வீட்டில் போன் அடித்தால் பாத்ரூமுக்குள் ஓடிக் குழாயைத் திறந்துவிட்டுக் கிசுகிசுத்தார். ஒவ்வொரு கார்டு அடையும்போதும் அதைக் கடை மேஜையில் வைத்து, பெரிய கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிப்போடுவார். அன்றைக்கு மட்டும் நல்ல தூக்கம் வரும். நடுவில், புதுக் கார்டு வேண்டுமா என்று ஓயாமல் வந்த போன்களுக்குப் பயந்து நம்பரைக்கூட மாற்றினார். புது நம்பரைக் கடன் பாக்கியுள்ள பேங்குகளுக்கு மட்டும் சொன்னார். அடைத்த பேங்குக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

அன்று நான்காவது கார்டையும் வெட்டிவிட்டு, சீட்டியடிக்காத குறையாக வீட்டுப் படியேறினார். கதவு திறந்திருந்தது. அவருடைய நாற்காலியில் ஓர் இளைஞன் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான். எதிரே மனைவி நின்றிருந்தாள்.

முதல் கார்டின் பேங்கிலிருந்து வசூலுக்கு வந்தவன் அவன். கட்டவேண்டிய தொகையைச் சொன்னான்.

"அதை எப்பவோ அடைச்சுட்டேனே தம்பி. கார்டையே வெட்டிப்போட்டுட்டேன்."

"அட்டையைத்தான் வெட்டினீங்க சார். கணக்கை மூடச் சொல்லவே இல்லையே. வருஷக் கட்டணம், அதுக்கு வட்டி, அபராதம் எல்லாம் ஏறிக்கிட்டே இருக்கு."

அவன் பாவம், மரியாதையாகத்தான் பேசினான். ஒரு வாரம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனான். கதவைச் சாத்திவிட்டு வந்த மனைவியின் முகத்தைப் பார்க்க மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. நான்கையும் ஒரே மாதிரிதான் வெட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆபரேஷனுக்குத்தானா என்று கேட்டாள். தலையாட்டினார்.

"இது ஒண்ணுதானாங்க?"

ஆமாம் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. ஆனால் அடுத்த நாற்காலிக்காரன் எந்த நாளில் வருவானோ என்று ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்க அவருக்குத் தெம்பில்லை.

"நாலு," என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். கை தானாக வயிற்றுத் தழும்பின் மேல் போனது.

"அந்த மனுஷனை எத்தனை தடவை கும்பிட்டிருப்பேன். ஒரு தடவைகூட எதுக்கும்மான்னு கேக்கலியே."

பிறகு அவருடைய போனை எடுத்து நீட்டினாள். நான்கு கணக்கையும் மூடச் சொல்லி இப்போதே பேசவேண்டும் என்றாள். மாஸ்டர் வாங்கிக்கொண்டு எழுந்தார். பழக்கதோஷத்தில் கால் பாத்ரூம் பக்கம் நடந்தது.

"எங்க போறீங்க? இங்கயே என் பக்கத்துல உக்காந்து பேசுங்க."