ஜூஜுவாடி துரை

திம்மப்பனுக்கு உடம்பு வெளுக்க ஆரம்பித்தது உதட்டோரத்தில். சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று நினைத்து மனைவி சென்னம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். போகவில்லை. அப்புறம் விரல், முழங்கை, கழுத்து என்று பரவி, சில வருஷங்களில் ஒரு இடம் பாக்கியில்லாமல் ஆள் முழுக்க வெள்ளையாகிவிட்டார். தலைமுடியும் கூடவே வெளுத்துப்போனது. தொன்னு என்கிற வெண்குஷ்டம் வந்தவன், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஜூஜுவாடியில் எல்லாரும் ஒதுங்கினார்கள். டீக்கடையில் காலனிக்காரர்களுக்கென்று தனிக் கிளாஸ் வெளியே கம்பியில் தொங்கும். அந்தக் கிளாஸிலும் திம்மப்பனுக்கு ஊற்றக் கூடாது என்று சொன்னவர்கள் அவருடைய காலனிக்காரர்களேதான். கடைக்காரர் அவருக்கு ஒரு கொட்டாங்கச்சியை ஏற்பாடு செய்தார்.

ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. திம்மப்பன் கேழ்வரகும் கொள்ளும் விதைத்துவந்த மேட்டு நிலமும் அதில் போயிற்று. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்க அவர் அவ்வப்போது கம்பெனி வாசலுக்குப் போவார். காவலுக்கு நிற்கிறவர்கள் தூரத்திலேயே பார்த்துக் கையை ஆட்டி விரட்டிவிடுவார்கள்.

அந்தத் தோலுக்கு வெயில் ஆகாது. கொஞ்சம் பட்டாலும் கொப்புளம் போடும். அதனால் சென்னம்மா அத்திப்பள்ளிச் சந்தையில் பழைய துணிக் குவியலைக் கிளறி ஒரு பேண்ட், முழுக்கைச் சட்டை, வட்டத் தொப்பி மூன்றும் பொறுக்கி வந்தாள். கண் கூசுவதற்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கினாள். எண்பத்தாறாம் வருஷம், கோடை உச்சத்தில் ஒரு நாள் காலை, இவ்வளவையும் மாட்டிக்கொண்டு திம்மப்பன் மறுபடி வேலை கேட்கக் கிளம்பினார்.

வாசலில் புது வாட்ச்மேன் நின்றார். பெயர் மாரிமுத்து, ராமநாதபுரத்துப் பக்கம். புது மெஷினை ஓட்டிக் காட்ட இங்கிலாந்திலிருந்து என்ஜினீயர் வருகிறார், வெள்ளைக்காரர், தடுத்து நிறுத்தி மானத்தை வாங்காதே என்று மேனேஜர் அவரிடம் காலையில்தான் சொல்லிவைத்திருந்தார். மாரிமுத்து திம்மப்பனைப் பார்த்ததும் பூட்ஸ் காலைத் தரையில் அறைந்து ஒரு சல்யூட் வைத்து, லாரிக்கு மட்டும் திறக்கிற பெரிய கதவைத் திறந்துவிட்டார். திம்மப்பன் தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

அதற்குள் மேனேஜர் அண்ணாதுரை ஓட்டமும் நடையுமாக வந்து ரோஜா மாலையைக் கழுத்தில் போட்டு, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சென்னம்மாவைத் தவிர வேறு ஆள் அந்தக் கையைத் தொட்டு வெகுகாலமாகியிருந்தது. அந்த அதிர்ச்சியில் வந்த காரியமே திம்மப்பனுக்கு மறந்துவிட்டது. விருந்தினர் அறையில், உட்கார்ந்தால் உள்ளே அமுங்குகிற நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் பீங்கான் கோப்பையைக் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"சாமி, நானு திம்மப்பன். ஜூஜுவாடி காலனி. எங்க நெலம் இந்தக் கம்பெனிக்குப் போச்சு. வேலை குடுக்கறேன்னு சொன்னாங்க, அதக் கேக்கத்தான் வந்தேன்."

அறையே ஒரு நிமிஷம் அசந்துபோனது. அண்ணாதுரை கூட இருந்த ஆபீஸ்காரர்களைத் திரும்பிப் பார்த்து, ஒரு வெள்ளைக்காரர் நம் மண்ணுக்கு வருவதற்கு முன்னால் நம் பாஷையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார், அதுவும் இந்த ஊர்க்காரன் பேசுகிற மாதிரியே பேசுகிறார் என்றார். நிலம் போனவர்களின் கஷ்டத்தை எவ்வளவு நாசூக்காகச் சுட்டிக்காட்டுகிறார் என்று ஒருவர் உருகினார். தமிழ் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்த திம்மப்பன் அதையே கன்னடத்தில் சொன்னார். பிறகு தெலுங்கில் சொன்னார். பாஷைக்கு பாஷை மரியாதை ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது தரம் சொல்லி முடித்தபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

மெஷினைக் காட்ட அழைத்துப் போனார்கள். இது என்னவென்றே எனக்குத் தெரியாது சாமி என்றார் திம்மப்பன். இவ்வளவு பெரிய படிப்பாளிக்கு எவ்வளவு அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள். மத்தியானம் அண்ணாதுரையின் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. கம்பெனி டிரைவரையே தெருவில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிற வீடு அது. திம்மப்பனுக்கு வெள்ளித் தட்டில் பரிமாறினார்கள். சாப்பிட்டு எழுந்ததும் அண்ணாதுரையே சொம்பை எடுத்து அவர் கைகழுவத் தண்ணீர் ஊற்றினார்.

அதே நேரத்தில் வாசலுக்கு இன்னொருவர் வந்து சேர்ந்திருந்தார். அத்திப்பள்ளி தாண்டிக் கார் பழுதாகி நின்றுவிட, பாதித் தூரம் பஸ்ஸிலும் மீதியை நடந்தும் வந்தவர். நல்ல உயரம், நல்ல கறுப்பு, கையில் கனமான பெட்டி. மாரிமுத்துவும் அவரும் பக்கத்தில் நின்றால் யார் அதிகக் கறுப்பு என்று சொல்லக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் மாரிமுத்து யோசிக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று காதுகொடுத்துக் கேட்காமலே, லோடு இறக்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகணும் என்று கையைக் காட்டினார். அவரும் போய்ச் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று பார்த்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே விருந்தினர் அறைக் கதவைத் தட்டி உள்ளே வந்துவிட்டார்.

பெங்களூரில் படிக்க வந்த ஆப்பிரிக்கப் பையன் யாரோ நன்கொடை கேட்டு வந்திருக்கிறான் என்று அண்ணாதுரை விரட்டப் போனார். வந்தவர் தன் பெயரைச் சொன்னார். டெஸ்மண்ட். ஒரு வாரமாக எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்த பெயர்.

அண்ணாதுரை டெஸ்மண்டைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த திம்மப்பனைப் பார்த்தார். "அப்ப நீ யாரு?" என்று தமிழில் கேட்டார்.

"காலையிலேர்ந்து அதத்தான சாமி சொல்லிக்கிட்டிருக்கறேன்."

அண்ணாதுரை முதலில் கோபப்படவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். திறந்திருந்த கதவு வழியாகத் திம்மப்பன் அதைப் பார்த்தார். எழுந்திருக்கலாம் என்று பாதி எழுந்தவர், மறுபடி உட்கார்ந்துவிட்டார். அண்ணாதுரை வெளியே வந்து போடா என்று கத்தியபோதும் அசையவில்லை.

"மாலைய நீங்கதான போட்டீங்க. நீங்களே வந்து கழட்டுங்க. போயிடறேன்."

அண்ணாதுரை மாரிமுத்துவைக் கூப்பிட்டு இழுத்துப்போடச் சொன்னார். மாரிமுத்து இரண்டு அடி வைத்தார், நின்றார், தனக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். லோடு இறக்குகிறவர்களுக்கு ஆள் போயிற்று. அவர்கள் ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாற்காலியோடு தூக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நாற்காலியைத் தொட்டால் மட்டும் ஒட்டாதா என்றார் இன்னொருவர். அப்போதுதான் திம்மப்பனுக்கு உறைத்தது. இந்தக் கம்பெனியில் தன்னை வெளியே தள்ள ஒருவராலும் முடியாது. சாய்ந்து உட்கார்ந்து, இன்னொரு காபி கேட்டார்.

கடைசியில் அண்ணாதுரை டெஸ்மண்டிடம் குனிந்து இங்கிலீஷில் ஏதோ கெஞ்சினார். நீங்கள் கொஞ்சம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட முடியுமா என்று கேட்டாராம். டெஸ்மண்ட் விஷயம் என்னவென்று கேட்டார். ஒருவர் திக்கித் திக்கி முழுக் கதையையும் சொன்னார். டெஸ்மண்ட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, திம்மப்பனுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தனக்கும் ஒரு காபி என்றார். திம்மப்பன் கேட்டு வந்த வேலை கிடைத்து எழுந்திருக்கும்வரை அவர் மெஷினைத் தொடுவதாக இல்லை என்று தெரிந்தது.

மறுநாள் மெஷின் ஓடுவதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து முதலாளிகள் வருவதாக இருந்தது. சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் ஸ்டோர்ஸில் ஹெல்பராகத் திம்மப்பனுக்கு ஆர்டர் டைப் அடித்து வந்துவிட்டது. அண்ணாதுரை அதைத் தன் கையால் கொடுக்கவில்லை. டீப்பாய்மேல் வைத்து ஒரு நீள ஸ்கேலால் தள்ளினார். திம்மப்பன் மாலையைத் தானே கழற்றி வைத்துவிட்டு, காகிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். டெஸ்மண்ட் எழுந்து கைகுலுக்கினார். மாரிமுத்து சல்யூட் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிக் கையைத் தூக்கி நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் சென்னம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். வெள்ளித் தட்டையும் ஸ்கேலையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஆனால் திம்மப்பன் சிரிப்பில் சேரவில்லை. வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டாள்.

அந்தக் கறுப்புத் துரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் இல்லையா, அப்போது நான் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன் என்றார் திம்மப்பன். யோசித்துச் செய்யவில்லை, என்னைக் கண்டு மற்றவர்கள் நகர்கிற மாதிரியே உடம்பு தானாக நகர்ந்தது. அவர் பார்த்துவிட்டார் என்றும் நினைக்கிறேன்.

"எதுக்குய்யா நகுந்த?" என்றாள் சென்னம்மா.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் களி வெந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து அதைக் கிண்டப் போனாள்.