ஜாமீன் நின்றவள்

சண்முகத்தாய் வாசல்படியோடு நின்றுகொண்டாள். உள்ளே வரும்படி மகள் கூப்பிட்டது காதில் விழாதவள்போல முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். தூத்துக்குடியிலிருந்து ஏரலில் பஸ் மாறி ஆழ்வார்திருநகரிக்கு வந்திருந்தாள். வெயிலில் முகம் கறுத்துக் கிடந்தது. பொன்செல்வி தையல் மிஷினை விட்டு எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. கூடப்பிறந்தவனைப் போலீசில் பிடித்துக்கொடுத்தவள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னவள். அதற்குப் பிறகு இன்றுதான் மகள் முகத்தைப் பார்க்கிறாள்.

"உன் வீட்டு வரி ரசீது வேணும்," என்றாள். "நீயும் கோர்ட்டுக்கு வரணும்."

பொன்செல்வியின் தம்பி பேச்சிராஜா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். கோயில் கொடைக்கு அழைப்பதற்காகத் தூத்துக்குடி பக்கம் மாப்பிள்ளையூரணியில் அவன் வீட்டுக்குப் போன அன்று, படி ஏறும்போதே உள்ளே அவன் பெண்டாட்டி முத்துமாரியின் சத்தம் கேட்டது. அழுகை மாதிரியே இல்லை அது. ஓடிப்போய்ப் பார்த்தபோது தம்பி பீரோக் கதவைத் தோளால் அழுத்திக்கொண்டு நின்றான். கதவிடுக்கில் முத்துமாரியின் கை. என்ன சண்டை என்று பொன்செல்வி கேட்கவில்லை. தெருவுக்கு வந்து போலீசுக்குப் போன் போட்டாள். போலீஸ் ஏற்றிக்கொண்டு போகும்போது அவன் அக்காவைத் திட்டவில்லை. ஏதோ ஒரு சாமானைத் தொலைத்துவிட்டவன் மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டே போனான். முத்துமாரிக்கு வலதுகையில் இரண்டு விரல் முறிந்திருந்தது. இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற கை.

முதலில் போட்ட ஜாமீன் மனு தள்ளுபடியாகியிருந்தது. எலும்பு முறிந்த கேஸ், வைத்தியம் இன்னும் முடியவில்லை என்றுவிட்டார்கள். பிறகு ஜில்லா கோர்ட்டில் கிடைத்தது, நிபந்தனைகளோடு. சொந்த வீடோ நிலமோ உள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும். அவன் பெண்டாட்டி இருக்கிற வீட்டுப் பக்கம் போகக்கூடாது. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஏரலில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சம்மதித்துவிட்டார். ரத்த சொந்தத்தில் சொந்த வீடு இருப்பது பொன்செல்விக்கு மட்டும்தான். புருஷன் விட்டுப்போன இரண்டு அறை வீடு.

"நான் நிக்க மாட்டேம்மா," என்றாள் பொன்செல்வி.

சண்முகத்தாய் கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்தாள். "உன் புருசன் ரோட்டுல அடிபட்டுச் செத்தன்னைக்கு உன்னத் தாங்கிப் பிடிச்சது யாருன்னு நெனச்சுப் பாரு. வேற ஒண்ணும் நான் சொல்லலை." பிறகு எழுந்து நடந்தாள். அது பொய்யில்லை என்பதுதான் பொன்செல்வியைக் கொன்றது. அந்த ஒரு வருஷம் முழுக்க ஞாயிறு தவறாமல் வந்தவன் அவன். அக்கா மகள் முத்துச்செல்விக்குச் சைக்கிள் பழக்கியவன். பொன்செல்வி சாப்பிடாமல் கிடந்தபோது பிசைந்து ஊட்டியவன். அந்தக் கையும் பீரோக் கதவை அழுத்திய கையும் ஒன்றுதான் என்பதை எப்படி யோசித்தும் அவளால் சேர்த்துவைக்க முடியவில்லை.

மறுநாள் முத்துமாரியைப் பார்க்கப் போனாள். ஜாமீன் நிற்க முடியாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இனி நீ தைரியமாக இரு என்று சொல்லத்தான் போனாள். சொன்னால் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும், அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற ஆசையும் இருந்தது. முத்துமாரி மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பருக்கை பாதி பாயில் சிந்தியது. பொன்செல்வி சொல்லி முடிக்கிறவரை அவள் நிமிரவில்லை.

"நீங்க நில்லுங்க மைனி," என்றாள்.

பொன்செல்விக்குக் காது கேட்டது, மனசுக்குப் பிடிபடவில்லை. முத்துமாரி நிதானமாகச் சொன்னாள். இலவச சட்ட உதவியில் விசாரித்திருக்கிறாள். ஜாமீன் கொடுத்தாகிவிட்டது, இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம், எப்படியாவது யாரையாவது ரத்த சொந்தம் என்று கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். "அப்படி நிக்கிறவனுக்கு இவுக எங்கன போனா என்ன, யார என்ன செஞ்சா என்ன? நீங்க நின்னா உங்க வீட்டுல இருப்பாக. எங்க இருக்காகன்னு எனக்குத் தெரியும். நிம்மதியா ஒரு வேளையாவது கண்ண மூடுவேன்." பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். "ஜாமீன் நின்னவங்களே நாளைக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, கோர்ட்டு திரும்பப் பிடிச்சு உள்ள வைக்குமாம். அத வேற யாரும் எனக்காகச் செய்ய மாட்டாக."

பொன்செல்வி தன் மகளை நினைத்தாள். பன்னிரண்டாவது படிக்கிற பெண். அவள் சொல்லாமலே முத்துமாரி அதையும் எப்படியோ கேட்டுவிட்டாள்.

"முத்துச்செல்விய நெனச்சுத்தான் மைனி உங்களத் தேடி நான் வரல. நீங்களா வந்துட்டிய."

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் நிற்க வந்த பொன்செல்வியிடம், இவன் வாய்தாவுக்கு வராவிட்டால் பொறுப்பு நீங்கள்தான், தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றாள். பேரூரணி ஜெயில் வாசலில் அவன் கைப்பையோடு வெளியே வந்தபோது அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அம்மாவின் தோளுக்கு மேலே அக்காவைப் பார்த்து, "யக்கா, பசிக்கி," என்றான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்கிற அதே குரல்.

வீட்டில் சத்தமே இல்லாமல் இருந்தான். ஒழுகிய குழாயைச் சரிசெய்தான். மிஷினுக்கு எண்ணெய் போட்டான். மருமகள் முத்துச்செல்வியிடம் பரீட்சை எப்போது என்று விசாரித்தான். அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்விடுவாள். பொன்செல்வியும் மகளும் அங்கே தாழ்ப்பாள் போட்டுப் படுத்தார்கள். சொந்த வீட்டில் தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் போடுவதற்குப் பொன்செல்வி பழகிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட வேண்டிய ஸ்டேஷன் தூத்துக்குடியில், முத்துமாரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொன்ன கோர்ட்தான் தினமும் அங்கே போகவும் சொல்லியிருந்தது. ஆழ்வார்திருநகரி ஸ்டேஷனுக்கு மாற்றித் தரும்படி தம்பியின் வக்கீல் வேதமணி மனுப் போட்டிருந்தார். அது விசாரணைக்கே வரவில்லை. அதனால் காலையில் சமைத்து வைத்துவிட்டு அவளும் கூடப் போனாள். அவன் உள்ளே போய்க் கையெழுத்துப் போடுகிறவரை வெளியே நிற்பாள். ஊர் திரும்ப பஸ் ஏறியதும் முத்துமாரிக்குப் போன் போட்டு, கிளம்பிவிட்டோம் என்பாள். மத்தியானம் வீடு திரும்பி மிஷினில் உட்கார்ந்தால் முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். அவன் தனியாகப் போனான். பத்தரை மணிக்கெல்லாம் முத்துமாரி போனில் கூப்பிட்டாள். கம்பெனியில் அவளை இப்போது கூட்டிப் பெருக்கத்தான் வைத்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே வந்து பேசினாள். "வேலைக்குக் கிளம்பயில தெரு முக்குல நின்னாக மைனி. ஒண்ணும் சொல்லல. பிள்ளையப் பாத்துச் சிரிச்சாக. அம்புட்டுத்தான்." குரல் நடுங்கவில்லை. நடுக்கம் எல்லாம் தீர்ந்துபோன குரல் அது.

அவன் திரும்பி வந்ததும் பொன்செல்வி கேட்டாள். அவன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, என் பிள்ளையை நான் பார்க்கக்கூடாதா என்றான். கோர்ட்டு சொல்லியிருக்கிறதே என்றாள். அவன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமே இல்லை. கனிவாகத்தான் சொன்னான்.

"நீயும் வரவர அவள மாதிரியே பேசுதக்கா."

உள் அறையில் முத்துச்செல்வி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது நின்றுபோனது.

அடுத்த நாள் காய்ச்சலோடு அவனுடன் போனாள். கையெழுத்துப் போட்டதும் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஸ்டேஷன் மாற்றுவது விஷயமாக வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ வாசலில் இரு என்றாள். ஜாமீனிலிருந்து விலக வேண்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு வேதமணி மறுப்பாகத் தலையை ஆட்டினார். "நான் உன் தம்பிக்கு வக்கீலும்மா. இத நான் எழுதக்கூடாது. சட்ட உதவி ஆபீசுக்குப் போ." அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கதவுவரை வந்து வழி காட்டினார். அங்கே இன்பமணி என்ற பெண் வக்கீல் இருந்தாள். ஜாமீனிலிருந்து விலகுவதாக மனு எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் சொன்னாள். மனுப் போட்ட உடனே பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள், கோர்ட்டு வாரண்ட் போட வேண்டும், அது ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், நாள் ஆகலாம். அவன் வேறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் திரும்ப வெளியே வரவும் செய்வான்.

"அதுவரைக்கும் நீங்களும் பொண்ணும் வேற எங்கயாவது போய் இருக்க முடியுமா?"

பொன்செல்வி யோசித்தாள். அம்மா இருப்பது வாடகை அறையில். இது தெரிந்தால் அவள் கதவைத் திறக்கமாட்டாள். முத்துமாரி வீட்டில் முத்துமாரிக்கே பத்திரமில்லை. முத்துச்செல்விக்கு நாளைக்குப் பரீட்சை. "பிள்ளைய அவ கூடப் படிக்கிற பொண்ணு வீட்டுல விட்டுருதேன்," என்றாள். "நான் இல்லன்னா அவனுக்குத் தெரிஞ்சுபோகும்." இன்பமணி தன் போன் நம்பரைச் சொன்னாள். பொன்செல்வி கையெழுத்துப் போட்டாள்.

வெளியே அவன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். மருமகளுக்கு என்று மக்ரூன் பொட்டலம் ஒன்று வாங்கி வைத்திருந்தான். "என்னக்கா, மாத்திட்டாகளா?"

"எழுதிக் குடுத்திருக்கு," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் சுடுகிறதே என்றான். பழையகாயல் தாண்டுவதற்குள் அவனுக்குக் கண் சொருகியது. தலை சரிந்து சரிந்து கடைசியில் அவள் தோளில் வந்து சாய்ந்தது. கனமான தலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. உப்பளத்துப் பாத்திகள் கண்ணைக் குத்துகிற வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தன. குழியில் விழுந்து பஸ் குலுங்கியபோதெல்லாம், அவன் விழித்துவிடக்கூடாதே என்று பொன்செல்வி தோளை இறுக்கி அசையாமல் வைத்துக்கொண்டாள்.