சாம்பல் ராஜாவைப் பிடிக்கும் வரை

திரைச்சீலை தைக்கிறவளுக்கு ஆம்பளைகளைப் பற்றி யாரும் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம். சன்னலுக்கு அளவெடுக்க எந்த வீட்டுக்குப் போனாலும் சோபாவில் ஒருவன் கிடப்பான். "கொஞ்சம் நகருங்க சார், நாடாவை விரிக்கணும்" என்றால் காலை மட்டும் மடக்குவான். அதையும் ஏதோ பெரிய மனசு பண்ணி மடக்குவான். 'என்ன ஜென்மமோ' என்று மனசுக்குள் காறித் துப்பிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், அவளுடைய கூடத்தில், அவள் வாங்கின சோபாவில், அவளுடைய கூடப்பிறந்த தம்பி கிடந்தான்.

வயது முப்பத்தாறு. பொண்டாட்டி "போதும்டா சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தபோது, "ரெண்டே வாரம்க்கா, கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்" என்று வந்தவன். இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான். முதலில் சோபாவில் படுத்தான். முதுகு வலிக்கிறது என்று முன்னறையில் இருந்த அவள் கட்டிலுக்கு மாறினான். காலையில் வெயில் முகத்தில் அடிக்கிறது என்றான். அவளே உட்கார்ந்து, இரட்டைத் துணி வைத்து, ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாத திரைச்சீலை தைத்து மாட்டினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான். அன்றிலிருந்து அவன் மதியம்வரை தூங்கினான். அவள் பின்னறையில் துணிச் சுருள்களுக்கு நடுவே தரையில் படுத்தாள்.

மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அதோடு முடியவில்லை. பாவம், மனசு தேறட்டும் என்று அவன் கேட்ட வீடியோ கேம் பெட்டியையும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். சுடுவது, உதைப்பது என்று ஏதாவது விளையாடுவான் என்று பார்த்தால், விவசாயம்! தொப்பி போட்ட ஒரு பொம்மை, அதற்கு ஒரு பண்ணை. தான் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காதவன் அங்கே முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்றினான், மாட்டுக் கொட்டிலைக் கூட்டினான், கோழிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் தடவிக் கொடுத்தான். அந்தத் தொப்பிக்காரன் தினமும் காலை ஆறு மணிக்கு டாணென்று எழுந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

வேலை இல்லாமலும் இல்லை. தம்பியோடு படித்த சிநேகிதன் ஒருத்தன் வெளியூரில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தான். சரக்கு ஏறி இறங்குவதை நின்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தங்க அறையும் தருகிறேன் என்று அவனாகவே கூப்பிட்டுச் சொன்னான்.

"போறேன்க்கா, போகாம என்ன? இந்தச் சாம்பல் ராஜாவை மட்டும் பிடிச்சிட்டுப் போயிடறேன்" என்றான் தம்பி.

"யாருடா அது?"

"மீனுக்கா. இந்த கேம்லயே பிடிக்கக் கஷ்டமான மீனு. இலை உதிர்ற காலத்துல, அதுலயும் மழை பெய்யற நாள்ல, உடைஞ்ச பாலத்துக்கு அடியில மட்டும்தான் வருவான். பாதியில விட்டுட்டுப் போனா அங்க வேலையில மனசு ஒட்டுமா, நீயே சொல்லு?"

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"பிடிச்ச மறுநாளே கிளம்பிடுவேன். உன் தலையில அடிச்சுச் சத்தியம்" என்று எழுந்து வந்து நிஜமாகவே அவள் தலையில் கையை வைத்தான். எழுந்து வந்ததே பெரிய விஷயம் என்று அவளும் நம்பித் தொலைத்தாள்.

அதன்பிறகு ஆரம்பித்தது கூத்து. தன் தையல் கடையிலிருந்து போன் போட்டு "மீன் கிடைச்சுதா?" என்று கேட்பாள். "மழையே வரலைக்கா" என்பான். மழை வந்தால் தூண்டில் சரியில்லை. நல்ல தூண்டில் கிடைத்தால் இரை சரியில்லை. இரையும் சரியாக இருந்த ஒருநாள், "குளிர்காலம் வந்துடுச்சுக்கா, இனி அடுத்த வருஷம்தான்" என்றான். "அடுத்த வருஷமா!" என்று அவள் அலறிய அலறலில் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "கேம் வருஷம்க்கா" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்கே அந்த மீன் பைத்தியம் பிடித்துவிட்டது. டிவியில் மழை பெய்தால் அடுப்படியிலிருந்து டீயோடு ஓடிவருவாள். "போடு, போடு, பாலத்துக்கு இன்னும் கிட்டப் போடு" என்பாள். தூண்டில் துடித்தால் அவள் நெஞ்சும் துடிக்கும். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் மீனை நினைத்துக்கொண்டே சன்னலின் அகலத்தையும் உயரத்தையும் மாற்றி எழுதி வந்து, தைத்ததை எல்லாம் பிரித்துத் தைத்தாள். நாற்பத்தொரு வயதுப் பொம்பளை, சொந்தமாகக் கடை நடத்துகிறவள், டிவிப் பெட்டிக்குள் இருக்கிற ஒரு மீன் சீக்கிரம் சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரிந்தாள்.

வெள்ளிக்கிழமை கிடங்குக்காரன் அவளையே கூப்பிட்டான். "திங்கட்கிழமைக்கு மேல என்னால முடியாதுக்கா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

"வந்துடுவான்ப்பா. தங்கமான பிள்ளை, கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. முன்னறையில் தங்கமான பிள்ளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இவனை நம்பினால் ஆகாது, நாமே பிடித்துவிடுவோம் என்று டிவியைப் போட்டு, சத்தத்தை அடக்கி, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். நல்ல நேரம், அங்கே இலையுதிர் காலம், மழையும் கொட்டிக்கொண்டிருந்தது. உடைந்த பாலத்துக்குக் கீழே போய்த் தூண்டிலைப் போட்டாள். மீன் கடித்ததும் பொத்தானை அழுத்தினால் பச்சைக் கோடு ஏறும், விட்டால் இறங்கும். மீன் அந்தக் கோட்டை விட்டு நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல் மெஷினை மிதிப்பதைவிட இது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு கெண்டை வந்தது. இரண்டு கெளுத்தி வந்தது. பிய்ந்துபோன ஒரு செருப்பும் வந்தது. இதற்கா இத்தனை நாள் முக்கினான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரை தீர்ந்தது. தொப்பிக்காரனை வீட்டுக்கு நடத்திக் கொண்டுபோய், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைத் திறந்து தேடினாள். விதை, கல், மரக்கட்டை, கம்பளி. கடைசி வரிசையில், ஒரு மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு மீன். முதுகுத் துடுப்பு கிரீடம் மாதிரி இருந்தது. அம்புக்குறியை அதன்மேல் வைத்ததும் எழுத்து வந்தது.

'சாம்பல் ராஜா. இந்த ஆற்றில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒருமுறை பிடித்தால் மறுபடி வராது.'

இன்னொரு தடவை படித்தாள். படித்துவிட்டு, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடப்பாவி. பிடித்து, பெட்டியில் போட்டு மூடிவிட்டு, அப்புறமும் தினமும் போய்த் தூண்டில் போட்டிருக்கிறான். ஒன்றுமே இல்லாத தண்ணீரில் போட்டிருக்கிறான். அவள் டீ போட்டுக் கொடுத்ததும், பக்கத்தில் நின்று "போடு போடு" என்று குதித்ததும் அந்த வெறும் தண்ணீருக்குத்தான். காதில் பூ சுற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவன் தோட்டத்தையே சுற்றியிருக்கிறான்.

அவனை எழுப்பவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கொக்கி மாட்ட வேண்டிய ஒரு திரைச்சீலையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மதியம் எழுந்து வந்தான். சோம்பல் முறித்தான். டிவியைப் போட்டான். "அட, மழைக்கா! இன்னைக்கு ராஜா மாட்டினான்" என்று பாலத்துக்குப் போய்த் தூண்டிலை வீசினான். அவள் கொக்கி மாட்டிக்கொண்டே திரையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"இதோ... இதோ... ஐயையோ!" என்று தொடையில் அடித்துக்கொண்டான். "போச்சுக்கா! கிட்ட வந்து ஏமாத்திட்டான். வாலைப் பார்த்தேன்."

"வாலைப் பார்த்தியா?"

"இந்தக் கண்ணால பார்த்தேன்."

கண் இமைக்கவில்லை. குரல் தடுமாறவில்லை. ஏமாற்றத்தில் மூக்கு நுனிகூடச் சிவந்திருந்தது. இந்தச் சாமர்த்தியத்தில் கால்வாசியை ஒரு வேலையில் காட்டியிருந்தால் இன்று எங்கேயோ இருப்பான்.

"குடு, நான் ஒரு கை பார்க்கிறேன்" என்று கையை நீட்டினாள்.

"நீயா? சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

தொப்பிக்காரன் ஆற்றுக்கு முதுகைக் காட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

"அக்கா, ஆறு அந்தப் பக்கம்."

"தெரியும்."

"வீட்டுல ஒண்ணும் இல்லக்கா. வெறும் விதைதான்."

பெட்டி திறந்தது. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முதுகு நேராக நின்றதைப் பார்த்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. அவள் மீனை எடுத்தாள். தொப்பிக்காரன் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"எப்படா பிடிச்சே?"

"அது... அது வேற மீனுக்கா."

"பேரு எழுதியிருக்குடா."

"அட, ஆமா! இது எப்படி இங்க வந்துச்சு?" என்று வாயைப் பிளந்தான். அவள் பார்த்துக்கொண்டே இருக்கவும், பிளந்த வாய் மெல்ல மூடியது. தலையைக் குனிந்துகொண்டான். "உனக்காகத்தான்க்கா. நானும் போயிட்டா நீ இந்த வீட்டுல தனியா இருப்பியேன்னு... எனக்கு மனசு கேக்கலை."

சொல்லும்போது குரல் உடைந்தது. கூடப்பிறந்த ரத்தம், என்ன செய்ய, அவளும் ஒரு நொடி அவன் தலையைத் தடவக் கையை நீட்டினாள். அப்புறம் சோபாவுக்கு அடியில் உருண்டு கிடந்த டம்ளர்களைப் பார்த்தாள்.

"நான் தனியா இருக்கணும்னுதான்டா தவிக்கிறேன்," என்றாள். "நீ வந்த நாள்ல இருந்து."

பண்ணை வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. விளைந்தது, பிடித்தது எதைப் போட்டாலும் விலைக்குப் போய்விடும். முட்டைக்கோசு போடுகிற பெட்டி. அதில் சாம்பல் ராஜாவைப் போட்டாள். மூடி டப்பென்று விழுந்தது.

"ஐயோ அக்கா! வேண்டாம்! இனிமே நான் எங்க போய்ப் பிடிப்பேன்!"

அழுதான். நடிப்பில்லை, நிஜ அழுகை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதான். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று இவன் கண் கலங்காமல் நின்றான். என்ன தைரியம், என்ன அடக்கம் என்று ஊரே மெச்சியது. அவளும்தான் மெச்சினாள். அது தைரியமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை என்று இப்போது தெரிந்தது. அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அழுது முடித்து, சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெருந்தன்மையாகச் சொன்னான்: "சரி, விடுக்கா. புதுசா ஒரு பண்ணை ஆரம்பிக்கிறேன். முதல்ல இருந்து. இந்தத் தடவை பிடிச்ச உடனே கிளம்பிடறேன், போதுமா?"

அவள் போனை எடுத்துக் கிடங்குக்காரனைக் கூப்பிட்டாள். "வேற ஆளைப் போட்டுக்கப்பா. இவனை உன் தலையில கட்ட எனக்கு மனசு வரலை. நேத்து நான் சொன்னதை மறந்துடு."

தம்பி முகம் பளிச்சென்று ஆனது. "நானே சொல்லலாம்னு இருந்தேன்க்கா. அந்தக் குளிரு எனக்கு ஒத்துக்காது. உடனே சளி பிடிச்சுக்கும்." கன்ட்ரோலருக்குக் கையை நீட்டினான். அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவன் பை அவள் கையில் இருந்தது. துணியெல்லாம் திணித்து, ஜிப் பாதிதான் மூடியிருந்தது.

"எங்கக்கா?"

"வெளியே."

"வேலை வேண்டாம்னு இப்பதானே சொன்னே?"

"ஆமா. மீன் கிடைச்சாத்தான் போவே, வேலை கிடைச்சாத்தான் போவேன்னு நான்தான் பைத்தியக்காரி மாதிரி காத்துக்கிட்டு இருந்தேன். என் வீடுடா இது. நான் போன்னு சொன்னா போகணும்."

கெஞ்சினான். கோபித்துக்கொண்டான். செத்துப்போன அம்மாவை இழுத்தான். எதுவும் எடுபடவில்லை. "சரி, சாப்பிட்டுட்டாவது போறேன்" என்றான். போட்டாள். கறியை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்புறம் செருப்பை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்படி தாண்டி நின்று திரும்பிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அக்கா..."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தப்பு பண்ணிட்டேன்க்கா என்று ஒரு வார்த்தை சொல்லப்போகிறான். சொன்னால் தன் மனசு என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"அந்தத் தொப்பிக்காரனைக் கட்டில்ல படுக்க வச்சிடாதேக்கா," என்றான் தாழ்ந்த குரலில். "அவன் படுத்துத் தூங்கினாத்தான் அன்னைக்கு நடந்தது சேவ் ஆகும். அப்படியே டிவியையும் கேம் பெட்டியையும் அணைச்சிட்டேன்னா, இன்னைக்கு நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடும். மீனு அதும்பாட்டுக்குக் கட்டில் பக்கத்துப் பெட்டியில இருக்கும். நான் அப்புறமா வந்து பார்த்துக்கறேன்."

"அப்படியா?" என்றாள்.

கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே வந்தாள். கன்ட்ரோலரை எடுத்தாள். தொப்பிக்காரனை மழையில் நடத்திக் கொண்டுபோய், வீட்டுக்குள் கூட்டிப்போய், கட்டிலில் படுக்க வைத்தாள். 'தூங்கலாமா?' என்று திரை கேட்டது. வாசலிலிருந்து "அக்கா, அக்கா" என்று சத்தம் வந்தது. 'ஆம்' என்பதை அழுத்தினாள். திரை இருண்டது. போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.