அண்ணியின் ஊர்

அண்ணிக்குக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டபோது, பொழுது போகட்டும் என்று அந்த விளையாட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தது கொழுந்தன்தான். வாளும் மந்திரமும் டிராகனும் உள்ள விளையாட்டு. இதைத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. எங்கும் போகலாம், யாருடனும் சேரலாம், யாரையும் வெட்டலாம்.

அண்ணி எங்கும் போகவில்லை. தொடக்கத்தில் வரும் ஆற்றங்கரை ஊரிலேயே தங்கிவிட்டாள். மூலிகை பறித்தாள். தொலைந்த ஆட்டைத் தேடிக் கொடுத்தாள். சத்திரத்துக்குத் தண்ணீர் சுமந்தாள்.

"அஞ்சு வாரமா ஆடு மேய்க்கிறீங்களே அண்ணி. இதுக்கா மெனக்கெட்டு ஏத்திக் குடுத்தேன்?"

"உனக்கென்னடா, லிப்ட் மெக்கானிக். நடுவுல மாட்டிக்கிட்டவன் உன்னைப் பாத்துக் கும்பிடுறான். டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருக்கிற என்னைத் திட்டறதுக்குத்தான் ஜனங்க வாயே திறக்கறாங்க. இங்க பாரு, நான் போனா இந்தக் கொல்லன் எழுந்து நிக்கறான்."

"அவன் எல்லாருக்கும் நிப்பான்."

"வயித்தெரிச்சல்."

ஆட்டத்தை விட்ட இடத்தில் சேமித்து வைக்கப் பத்துக் கட்டங்கள் உண்டு. "ஒண்ணுலயே போடுங்க, குழப்பம் வராது" என்று சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, அண்ணன் அண்ணியை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தான். இவன் கணினி முன் உட்கார்ந்தான். கொல்லன் பரிசாகக் கொடுத்த வாள், அண்ணி ஒருமுறைகூட உருவாதது, திரையில் அண்ணியாக நின்ற உருவத்தின் இடுப்பில் தொங்கியது. சும்மா பார்ப்போமே என்று ஒரு வீச்சு. கொல்லன் விழுந்தான். சத்திரக்காரி அலறினாள். அலறலை நிறுத்த அவளையும். பிறகு கை நிற்கவில்லை. பதினொரு பேர்.

சேமிக்காமல் வெளியேறினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அந்தத் தைரியம்தான். ஆனால் பட்ட காயம் ஆற அந்த உருவத்தைச் சத்திரத்துக் கட்டிலில் படுக்கவைத்தான். ஆடிப் பழகிய எவனும் யோசிக்காமல் செய்வது. படுத்தால் ஆட்டம் தானாகவே சேமித்துக்கொள்ளும், கடைசியாகப் பயன்படுத்திய கட்டத்தில். அண்ணிக்கு இருந்ததே அந்த ஒரு கட்டம்; அதிலிருந்த பழைய ஊர் அழிந்தது. 'சேமிக்கப்பட்டது' என்று திரையின் மூலையில் வந்து மறைந்தது. அவன் ஆட்டத்தை மூடிவிட்டு எழுந்தான்.

மாலையில் அண்ணி பார்த்தாள்.

"என்னடா இது, ஒருத்தரையும் காணோம்?"

"டிராகன் வந்திருக்கும் அண்ணி. சில சமயம் அப்படி வரும்."

நாக்குக் கூசாமல் வந்துவிட்டது. அண்ணி வெறிச்சோடிய தெருவை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு, "எந்தப் பக்கம் போயிருக்கும்?" என்று கேட்டாள்.

மறுநாள் முதல் அவள் வாள் பழகினாள். சொல்லிக் கொடுத்தது அவன். அவள் வீச்சுத் தவறி உதட்டைக் கடிக்கும்போதெல்லாம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். உண்மையைச் சொல்ல நான்கு நாள் இருந்தது. சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், மலைக்கு அப்பால் ஒரு கோட்டை வாசல். காவலன் ஈட்டியை நீட்டினான். திரையில் எழுத்து வந்தது: 'ஆற்றங்கரையில் பதினொரு பேரைக் கொன்றவள் நீ. சரணடை.'

செய்த குற்றம் ஊர் ஊராகப் பின்தொடரும் என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். எப்படியோ மறந்திருந்தான்.

அண்ணி இரண்டு முறை படித்தாள்.

"ஏதாவது கோளாறா இருக்கும். ஓடிடுங்க அண்ணி." அந்தக் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

அவள் ஓடவில்லை. "முதல்ல யாரை வெட்டின?"

அவன் சுட்டியை எடுக்கக் கை நீட்டினான்.

"கேக்கறேன்ல."

"கொல்லனை."

"அப்புறம்?"

சொன்னான். பதினொன்றும் வரிசை மாறாமல் வந்தது. அது இன்னும் கேவலமாக இருந்தது.

"அவங்க கடைசியா பாத்தது என் மூஞ்சியடா" என்றாள் அண்ணி. சரணடையும் பொத்தானை அழுத்தினாள். திரையில் சிறைக்கதவு சாத்திக்கொண்டது.

அண்ணன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "நாலு நாளா வீட்டையே ரெண்டாக்கினீங்களே, டிராகனைப் புடிச்சாச்சா?"

அண்ணி கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிராகன் இல்லண்ணே" என்றான் அவன், தரையைப் பார்த்து. "நான்தான்."

அண்ணன் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தன் கொல்லனிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினான்.